பேசியதற்காக மாற்றப்பட்ட இருவர்

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, 'பணியிடத்தில் மனநலமும் ஈடுபாடும்'. நடந்தது ஒரு சனிக்கிழமை, எங்கள் விடுமுறை நாளில்.

வந்திருந்த பயிற்சியாளர் நன்றாகவே பேசினார். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரின் கதையைச் சொன்னார். நினைவிழந்து கிடக்கும் நோயாளிகளின் அறைகளில் சுவரில் தொங்கும் படங்களை அந்தப் பெண் அவ்வப்போது இடம் மாற்றி வைப்பாராம். கண்ணெதிரே ஏதாவது மாறினால் அவர்களுக்குள்ளும் ஏதாவது அசையாதா என்ற நம்பிக்கைதான் காரணம். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலைப் பட்டியலிலும் அது இல்லை. "உங்கள் வேலையை நீங்களே வடிவமைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் ஜாப் கிராஃப்டிங்" என்றார். பிறகு ஆளுக்கொரு தாள் வந்தது. எந்த வேலை அதிக நேரத்தைத் தின்கிறதோ அதைப் பெரிய கட்டமாகவும், குறைவாக எடுப்பதைச் சிறிய கட்டமாகவும் வரைய வேண்டும். பக்கத்திலேயே, எப்படி இருக்க விரும்புகிறோமோ அப்படி இன்னொரு படம்.

என் தாளில் மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள் பெரிய கட்டமாக உட்கார்ந்துகொண்டன. வகுப்பு அதைவிடச் சின்னதாக வந்தது. கவிதைக்குக் கட்டம் போட இடமில்லை, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அப்புறம் யாரும் கேட்காத ஒரு கட்டம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் துறை அறை வாசலில் தயங்கி நிற்கும் பெண்பிள்ளைகள். ஒருத்திக்கு நிச்சயதார்த்தம், ஒருத்திக்கு விடுதிக் கட்டணம், ஒருத்திக்கு எதையும் சொல்லத் தெரியாமல் அழுகை மட்டும். அந்தக் கட்டத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துத் தாள்களை எட்டிப் பார்த்தேன். பெண் ஆசிரியர்களின் தாள்களில் பெரும்பாலும் அது ஏதோ ஒரு பெயரில் இருந்தது.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கௌரவ விரிவுரையாளர் தாளில் ஒன்றுமே வரையவில்லை. "அக்கா, எனக்குப் பதினோரு மாசத்துக்குத்தான் சம்பளம். மே மாசத்துக்கு எப்படிக் கட்டம் போடறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடம் சேலை எடுத்துப் போட்டவர். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்கு இறங்குவார், தீபாவளி சமயத்தில் பதினொன்றாகும். சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. கடை காலியாக இருந்தாலும் கூடாது. "இதச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளக் கூப்பிட்டுக் காசு வேற குடுத்தீங்களா?" என்று அம்மா சிரித்தார். அதன் பிறகுதான், எனக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

பழைய சரக்கையும் விலை குறைந்த வாயில் சேலைகளையும் அம்மாவும் அவர் கூட நின்ற செல்வி அத்தையும் வேண்டுமென்றே அடித்தட்டில் அடுக்குவார்களாம். அடித்தட்டில் சேலை எடுக்கக் குந்தித்தானே ஆக வேண்டும்? குந்தினால் கவுண்டர் மறைக்கும். ஒருத்தி குந்தியிருக்கும்போது இன்னொருத்தி காவல். சூப்பர்வைசர் படியேறினால், "யக்கா, அந்த மாம்பழக் கலர எடுங்க" என்று குரல் வரும். மாம்பழக் கலரில் சேலையே இருக்காது. "ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவ குந்துவோம். அந்த அஞ்சு நிமிசம் இல்லைன்னா நான் உனக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்க மாட்டேன்டி" என்றார். இருபத்திரண்டு வருடத்து மாம்பழக் கலர். அம்மாவின் கெண்டைக்காலில் இன்றும் நீல நரம்புகள் சுருண்டு புடைத்திருக்கின்றன.

பயிற்சியாளர் சொன்ன கதை எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேட ஆரம்பித்தேன். தமிழ் படித்தவளுக்கு மேலாண்மைத் துறையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு கதையின் மூலபாடத்தைத் தேடிப் போவது எங்கள் தொழில்தான்.

ஜாப் கிராஃப்டிங் என்ற கருத்தை 2001-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தவர்கள் ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு பெண்கள். வேலையை மேலதிகாரிதான் வடிவமைக்கிறார், தொழிலாளி அதை நிரப்புகிறார் என்றே அதுவரை மேலாண்மைக் கல்வி பெரும்பாலும் நம்பியிருந்தது. இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். செய்கிறவர் தன் வேலையின் எல்லையை மாற்றுகிறார். யாருடன் எப்படிப் பழகுவது என்பதை மாற்றுகிறார். இந்த வேலை எதற்காக என்ற தன் புரிதலையும் மாற்றுகிறார் என்றார்கள். தமிழில் இதை 'வனைதல்' என்று சொல்லிப் பார்த்தேன். குயவர் மண்ணை வனைவது போல. மண் அவருடையதாக இல்லாமல் போகலாம், சக்கரமும் வாடகையாக இருக்கலாம். ஆனால் விரல் அவருடையது.

அவர்கள் காட்டிய சான்றுகளில் முக்கியமானது மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் எடுத்த நேர்காணல்கள். ஒரே வேலை, ஒரே பட்டியல். சிலர் அதைச் செய்து முடித்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், செவிலியரின் வேலை ஓட்டத்துக்கு ஏற்பத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், நோய் குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். பயிற்சியாளர் சொன்னது இந்த இரண்டாவது வகையினரின் கதை.

ஆனால் அதே பணியாளர்களின் பேச்சிலிருந்து டட்டனும் ரெஸ்னெஸ்கியும் கெலாயே டெபெபே என்ற ஆய்வாளரும் சேர்ந்து இன்னொரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்கள். அது, பணியாளர்களை மற்றவர்கள் எப்படி மதித்தார்கள், எப்படிச் சிறுமைப்படுத்தினார்கள் என்பது பற்றியது. கண்ணெதிரே நின்றாலும் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத மருத்துவர்கள் அதில் வருகிறார்கள். ஒரு காலை வணக்கம் வருகிறதா இல்லையா என்பதுகூட அந்தப் பணியாளர்களின் நாளை எப்படி மாற்றுகிறது என்பதும் வருகிறது. படங்களை இடம் மாற்றிய பெண்ணின் கதை நாடு நாடாகப் பயணம் போய் எங்கள் கல்லூரி வரை வந்துவிட்டது. வணக்கம் சொல்லாத மருத்துவரின் கதை அவ்வளவாகப் பயணம் போகவில்லை.

இந்தக் கருத்தின் வேர் இன்னும் ஆழத்தில், 1927-க்குப் போகிறது. சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யுமிடம். அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கே தனியாக ஓர் அறை ஒதுக்கி, ரிலே என்ற சிறு இணைப்புக் கருவியைப் பொருத்தும் ஐந்து இளம்பெண்களையும், அவர்களுக்கு உதிரிபாகம் எடுத்துக் கொடுக்க ஒரு பெண்ணையும் அமர்த்தினார்கள். முப்பத்தைந்து போல உதிரிபாகங்கள், ஒரு ரிலேவுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். முடித்த ரிலேவைப் பக்கத்திலுள்ள துளையில் போட்டால், கீழே ஓடும் காகித நாடாவில் ஒரு துளை விழும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நாடா. எந்த நிமிடத்தில் யார் வேகம், யார் மந்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். அறையில் கூடவே ஒரு பார்வையாளர். பெண்கள் பேசிக்கொள்வதும் குறிப்பேட்டில் ஏறியது. குறித்த நாட்களில் உடல் பரிசோதனை உண்டு. மாதவிலக்கு நாட்களைக்கூடக் கேட்டுக் குறித்தார்கள். முதலில் அவர்கள் இதை விரும்பவில்லை.

சோதனையின் நோக்கம், ஓய்வும் வேலை நேரமும் உற்பத்தியை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது. ஐந்து நிமிட ஓய்வு இரண்டு கொடுத்தார்கள். பிறகு பத்து நிமிடம் இரண்டு. பிறகு ஐந்து நிமிடம் ஆறு. இந்த ஆறு இடைவேளை பெண்களுக்குப் பிடிக்கவில்லை, கை ஓட்டம் அறுந்து போகிறது என்றார்கள். அது கைவிடப்பட்டது. காலையில் சிற்றுண்டி வந்தது. அரை மணி முன்னதாக, பிறகு ஒரு மணி முன்னதாக விட்டார்கள். 1928 கோடையில் சனிக்கிழமை வேலை நின்றது. பெரும்பாலான கட்டங்களில் உற்பத்தி ஏறியது. கடைசியில் எல்லாச் சலுகையையும் பிடுங்கி, வாரம் 48 மணி நேரம், ஓய்வே இல்லை என்று பழையபடி ஆக்கினார்கள். பன்னிரண்டு வாரம். அப்போதும் மொத்த உற்பத்தி பழைய நிலைக்கு இறங்கவில்லை.

இதுதான் புகழ்பெற்ற புதிர். ஹார்வர்டிலிருந்து வந்த எல்டன் மேயோவும் அவரைச் சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். அன்பான மேற்பார்வை, குழு உணர்வு, தங்கள் பேச்சுக்குக் காது கொடுக்கப்படுகிறது என்ற எண்ணம். இவைதான் உழைப்பைக் கூட்டின என்றார்கள். 'மனித உறவுகள்' என்ற மேலாண்மைப் பள்ளிக்கு இந்த அறை ஓர் அடித்தளமானது. பணியாளரின் மனநலம், ஈடுபாடு என்று இன்று நாம் கேட்கும் சொற்களுக்கும் இந்த அறையோடு உறவுண்டு.

முதலில் அமர்த்திய ஐந்து பேரில் இரண்டு பேர் 1928 ஜனவரியில் நீக்கப்பட்டார்கள் என்பது, நான் கல்லூரி நூலகத்தில் புரட்டிய மேலாண்மைப் பாடநூல்களில் இல்லை. அதிகம் பேசினார்கள், சொன்னபடி கேட்கவில்லை, வேகம் போதவில்லை என்பவை காரணங்கள். அவர்கள் இடத்துக்கு வேறு இருவர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி குடும்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவள், அவளுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த அறையில் கூலியும் மாறியிருந்தது. பெரிய கூடத்து நூற்றுக்கணக்கானோரோடு சேர்த்துக் கணக்கிடாமல், இந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கே கூலி. கூடுதலாகச் செய்தால் கூடுதலாகக் கைக்கு வரும். அவள் மற்றவர்களையும் விரட்டினாள், உற்பத்தி ஏறியது. 1967-இல் அலெக்ஸ் கேரி என்ற ஆய்வாளர் இதையெல்லாம் எடுத்து வைத்து, இது அன்பின் வெற்றியா, கூலிக்கும் கண்டிப்புக்கும் கிடைத்த விளைவா என்று கேட்டார்.

1939-இல் வெளிவந்த அதிகாரபூர்வ நூலில் நீக்கப்பட்ட இருவரும் 1A, 2A. பதிலாக வந்தவர்கள் 1, 2. நான் அந்த A-யையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் செய்தது என்ன? சலிப்பூட்டும் வேலையைப் பேச்சால் தாங்கக்கூடியதாக ஆக்கிக்கொண்டார்கள். நிமிடத்துக்கு ஒரு ரிலே என்று நாள் முழுக்கக் கை ஓடும்போது வாய்தான் சொந்தமாக மிச்சமிருந்தது. நாற்று நடும் வரிசையில், தேயிலை மலையில், பூக்கட்டும் திண்ணையில் பெண்கள் செய்வதும் இதுதான். இன்றைய மொழியில் சொன்னால் அவர்கள் வேலையை வனைந்தார்கள். அதற்கு அன்று வைத்த பெயர் ஒழுங்கீனம்.

இதைத் துல்லியமாகப் பிடித்தவர்கள் பெண்ணியச் சமூகவியலாளர் ஜோன் ஆக்கரும் டொனால்ட் வான் ஹூட்டனும். 1974-இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் ஹாதார்னின் இரண்டு அறைகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 1931-இல் அதே தொழிற்சாலையில் பதினான்கு ஆண்கள் வேலை செய்த இன்னொரு அறையையும் கவனித்தார்கள், பேங்க் வயரிங் அறை என்று பெயர். அந்த ஆண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு உற்பத்தியை ஓர் அளவுக்கு மேல் போகவிடவில்லை. வேகமாகச் செய்கிறவனைக் கேலி செய்தார்கள், கையில் குத்தினார்கள். அவர்களை யாரும் மாற்றவில்லை. அவர்களின் வேலைமுறையில் கைவைப்பதில்லை என்பதே அங்கே ஆய்வின் ஏற்பாடு. ஆண்கள் வேலையைத் தங்களுக்கேற்ப வளைத்தபோது அது 'முறைசாரா அமைப்பு' என்று கோட்பாடாகி நூலில் ஏறியது. பெண்கள் வளைத்தபோது இருவர் வெளியே போனார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், யாரை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்பதில் பால் வேறுபாடு இருக்கும்போது முடிவுகளை அப்படியே மனித இயல்பு என்று சொல்ல முடியுமா என்பது ஆக்கர், வான் ஹூட்டன் கேள்வி. பொருளாதார வீழ்ச்சியில் ஆட்குறைப்பு வந்தபோது ரிலே அறையும் முடிவுக்கு வந்தது. கோட்பாடு மட்டும் வேலை இழக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு ஏமாற்று வேலை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த அறையில் எஞ்சிய பெண்களுக்குப் பெரிய கூடத்தைவிட அது பிடித்திருந்தது. மேஸ்திரி தலைமேல் நிற்கவில்லை, பேச முடிந்தது, பிறந்தநாள் கொண்டாட முடிந்தது. படங்களை இடம் மாற்றிய பெண்ணின் அக்கறையும் உண்மைதான். என் நாலு மணிக் கட்டத்தை யாராவது எடுத்துக்கொண்டால் நான்தான் முதலில் சண்டை போடுவேன். ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல் உணர்ச்சியுழைப்பைப் பற்றி எழுதியதிலிருந்து, சம்பளத்துக்காகச் சிரிக்கவும் பரிவு காட்டவும் வேண்டியிருப்பதும் உழைப்புத்தான் என்று பேச நமக்குச் சொல் கிடைத்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் கேட்பது சின்னக் கேள்வி. நோயாளியோடு பேசிய அந்தப் பத்து நிமிடத்துக்காகத் துடைக்க வேண்டிய அறைகளில் ஒன்று குறைக்கப்பட்டதா?

ரெஸ்னெஸ்கியும் டட்டனும் ஜஸ்டின் பெர்க் என்பவரோடு சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதன் பக்கத்தில் வருகிறது. வேலையை வனைய நினைக்கும்போது எது தடுக்கிறது என்று பலரிடம் கேட்டார்கள். மேல்நிலையில் இருப்பவர்கள், நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்ற தங்கள் எதிர்பார்ப்பையே தடையாகச் சொன்னார்கள். கீழ்நிலையில் இருப்பவர்கள், விதிக்கப்பட்ட வேலையையும் மற்றவர்களின் எதிர்பார்ப்பையும் சொன்னார்கள். அதனால் கீழே இருப்பவர்கள் முதலில் அடுத்தவர் மனதை வளைத்த பிறகுதான் வேலையை வளைக்க முடிகிறது. செல்வி அத்தையைக் கூட்டுச் சேர்க்காமல் அம்மாவால் ஒரு தடவைகூடக் குந்தியிருக்க முடியாது.

குந்துவது என்றதும் நாற்காலி. அதற்கும் பழைய வரலாறு இருக்கிறது.

பிரிட்டனில் 1899-இல் கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் பணியாளருக்கு ஒரு இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்றது அது. பெண்களுக்கு மட்டும்தான். நின்றால் பிள்ளைப்பேறு கெடும் என்ற கவலை அன்றைய வாதங்களில் பலமாக ஒலித்தது. கால் வலிக்கிறது என்பது போதுமான காரணமாகப் படவில்லை போலும். அமெரிக்காவில் லில்லியன் கில்பிரத்தும் அவர் கணவர் ஃபிராங்க்கும் 1916-இல் களைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். களைப்பைக் குறைக்கும் நாற்காலிகளையும் கருவிகளையும் திரட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். கணவர் இறந்த பிறகு லில்லியன் நியூயார்க்கின் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் விற்பனைப் பெண்களின் வேலையை ஆராய்ந்தார். அவர் எழுதிய மேலாண்மை உளவியல் நூல் 1914-இல் வந்தபோது, எழுதியது பெண் என்று தெரிந்தால் விற்காது என்று அட்டையில் எல். எம். கில்பிரத் என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். களைப்பை அளந்தவருக்கே தன் பெயரில் உட்கார இடமில்லை.

நம் பக்கம் வருவோம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடைகளில் அது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தார்கள். தையல் தொழிலாளியான பி. விஜியின் முன்கையில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பு உருவானது. கழிப்பறையில் தொடங்கி உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். திருச்சூரில் 'இரிக்கல் சமரம்' நடந்தது, உட்காருவதற்கான போராட்டம். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமுன்வடிவு பேரவைக்கு வந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. ஆண்களுக்கும் சேர்த்து.

இந்தப் பெண்களுக்கு யாரும் தாள் கொடுத்துக் கட்டம் வரையச் சொல்லவில்லை. தங்கள் வேலையில் எது மாற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜாப் கிராஃப்டிங் பற்றி நான் படித்த வழிகாட்டிகள் தனியாளை மட்டுமே பார்க்கின்றன. உன் கட்டம், உன் தாள். தெருவில் கூடி நின்று ஒரு தொழிலையே வனைந்தவர்களுக்கு அவற்றில் கட்டம் இல்லை.

போன ஆடித் தள்ளுபடிக்கு அம்மாவை ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் வேலை பார்த்த கடை இல்லை, வேறு. இரண்டாம் மாடியில் கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அம்மா சேலையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார். "உக்காருவீங்களாம்மா?" என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டார். இருபது வயதிருக்கும். "கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாம்மா" என்றாள். பிறகு கூட்டத்தைக் கண்ணால் காட்டிச் சிரித்தாள்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடித்தட்டைக் காட்டி, "அந்தக் கடைசில இருக்கே, அத எடும்மா" என்றார். அந்தப் பெண் குந்தினாள். ஒன்றை எடுத்து நீட்டினாள். "அது இல்ல, அதுக்குக் கீழ." இன்னொன்று. "அதுவும் இல்ல. நிதானமாத் தேடு, எனக்கு அவசரமில்ல."

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்த்தபடி.